பாலத்தின் மேலிருந்து எடுத்த படம்

கல்வி மையத்துக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் என்னிடம் கேட்டது, இணையத்தில் மாணவர் குழுவை எப்படி நடத்துவது என்று. எந்தச் செயலி நல்லது, காணொளியை எப்படிச் சேமிப்பது, சிக்னல் இல்லாத ஊருக்குப் பாடத்தை எப்படி அனுப்புவது என்பதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். நான் ஒருங்கிணைப்பாளராக இருந்த காலத்தில் ஒரே ஒருமுறை, இந்தக் குழு இனி இருக்குமா என்று பயந்திருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும்.

பொன்னேரியில் நம் மையம் தொலைநிலைக் கல்வியில் பண்டைய வரலாறு முதுகலைப் படிப்பைத் தொடங்கியபோது சேர்ந்தவர்கள் ஒரு கைக்குள் அடங்குகிற கூட்டம்தான். பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள். நேரடி வகுப்புக்கு வரச் சொன்னால் பாதிப்பேர் வரமாட்டார்கள். ஒருவருக்குக் கடல், ஒருவருக்கு வயல், ஒருவருக்கு எளாவூர் சோதனைச்சாவடி பக்கத்தில் ஓட்டல் வேலை. எனவே ஞாயிறு காலையில் இணைய வகுப்பு, மற்ற நாட்களில் வாட்ஸ்அப் குழு என்று வைத்துக்கொண்டோம். ஆரம்பத்தில் அந்தக் குழுவில் காலை வணக்கமும் பூப்படமும்தான் வந்துகொண்டிருந்தன.

அதைப் படிக்கிற இடமாக மாற்றியவர் தசரதன். அனுப்பம்பட்டில் நெல் பயிரிடுகிறவர். ஐம்பது வயதை நெருங்கியபோது, மகள் கல்லூரி முடித்த கையோடு தானும் படிக்க வந்தார். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் பாடத்தின் சுருக்கத்தைப் பொறுமையாகத் தட்டச்சு செய்து குழுவில் போடுவார். யாராவது சந்தேகம் கேட்டால் வரப்பில் நின்றபடியே குரல் பதிவு அனுப்புவார். பின்னணியில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கும். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்களும் எழுத ஆரம்பித்தார்கள்.

அவருக்கு அடுத்தபடி குழுவுக்கு உயிர் கொடுத்தது பவானியின் கேள்விகள். பவானி வகுப்பில் வாயைத் திறந்ததே இல்லை. கேமராவும் போடமாட்டாள். அவள் பெயருக்கு நேரே ஒரு தாமரைப் படம் மட்டும் இருக்கும். ஆனால் வகுப்பு முடிந்து சிறிது நேரத்தில் அவளிடமிருந்து ஒரு கேள்வி வரும். 'முதுமக்கள் தாழியில் புதைக்கப்பட்டவர்கள் எல்லாரும் வசதியானவர்களா? வசதி இல்லாதவர்களை எங்கே புதைத்தார்கள்?' இப்படி. அதற்குப் பதில் தேடி மூன்று நாள் குழு பேசும். அவள் ஏதோ பள்ளி ஆசிரியை என்று பலர் நினைத்திருந்தார்கள். சேர்க்கை விண்ணப்பத்தைப் பார்த்த எனக்கு அவள் ஏரிக்கரைக் குடியிருப்பில் இருந்து வருகிறவள் என்று தெரியும். தலைமுறை தலைமுறையாக ஏரிக்குள் இறங்கி, வலையில்லாமல், கையால் தடவித் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிற குடும்பம். நான் யாரிடமும் சொல்லவில்லை. முகமும் தெருவும் தெரியாமல் கேள்வியை மட்டும் வைத்து ஒருவரை மதிக்கிற இடம் இது என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

இரண்டாம் ஆண்டில், இடைக்கற்காலப் பாடம் நடந்த வாரம் அது. வேளாண்மைக்கு முன்னால் வேட்டையாடியும் மீன் பிடித்தும் உணவு சேகரித்தும் வாழ்ந்த மக்களைப் பற்றிய பாடம். அடுத்த நாள் தசரதன் குழுவில் ஒரு படம் போட்டார். வீட்டு விசேஷத்துக்கு மீன் வாங்கப் பழவேற்காடு போனவர், ஏரிப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு எடுத்த படம். இடுப்பளவு தண்ணீரில் நான்கைந்து பெண்கள் வரிசையாகக் குனிந்திருக்கிறார்கள். கைகள் சேற்றுக்குள். பிடித்த இறாலைப் போட்டுக்கொள்கிற பனையோலைப் பறியை ஒவ்வொருவரும் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருந்தார்: 'இடைக்கற்காலம் எங்கேயும் போய்விடவில்லை. நம் ஏரியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக மாறாத மனிதர்கள்.'

கைதட்டல்கள் குவிந்தன. 'அருமை ஐயா' என்றார் ஒருவர். பாடம் நடத்திய ஆசிரியரே 'சிறந்த எடுத்துக்காட்டு' என்று எழுதினார். நானும் படத்தைப் பார்த்தேன். நல்ல படம் என்றுதான் பட்டது.

சற்று நேரத்தில், பவானி குழுவிலிருந்து வெளியேறினார் என்று ஒரு வரி வந்தது. கைபேசி மாற்றினால்கூட அப்படி வரும் என்று நினைத்து நான் கண்டுகொள்ளவில்லை. அன்று மாலை ரவி அழைத்தான். லைட்ஹவுஸ் குப்பத்து மாணவன், ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுகிறவன் அன்று சிரிக்கவில்லை.

"மேடம், அந்தப் படத்துல நடுவுல குனிஞ்சினு இருக்கறது யாருன்னு பாத்தீங்களா?"

"இல்லையேப்பா. யாரு?"

"நம்ம பவானிக்கா மேடம். பக்கத்துல அவங்கம்மா. ஏலம் போடற எடத்துல டெய்லி பாக்கறேன், எனக்குத் தெரியாதா? கூடப் படிக்கிறவங்களைப் போய் கற்கால ஆளுன்னு போட்டுக்கினு, எல்லாரும் கைதட்டிக்கினு... இன்னா மேடம் இது?"

நான் உடனே தசரதனை அழைத்துச் சொன்னேன். மறுமுனையில் "ஐயோ" என்று ஒரு சொல். நான் மேலே பேசுவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார். குழுவைத் திறந்தால் படம் இல்லை. அழித்துவிட்டிருந்தார். 'ஏன் சார் எடுத்துட்டீங்க, நல்லா இருந்துச்சே' என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அவர் பதில் எழுதவில்லை. திரும்ப என்னை அழைத்தபோது அழுகிற குரலில், "நாளைக்கே அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போறேன் மேடம். பழம் வாங்கினு போய் கால்ல வுழுந்துடறேன். அட்ரஸ் மட்டும் குடுங்க" என்றார்.

முகவரியைத் தர மறுத்தேன். ஏன் மறுத்தேன் என்று அப்போது எனக்கே தெளிவாகத் தெரியாது. அவர் மிகவும் அவசரப்படுகிறார் என்று மட்டும் தோன்றியது.

மறுநாள் மண்டல அலுவலகத்து மேலதிகாரியிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது. அவர் யோசிக்கவே இல்லை. "படத்தை அழிச்சாச்சு இல்ல? அப்புறம் என்ன? குரூப்பைக் கொஞ்ச நாள் மூடி வையுங்க. யாரும் எதையும் எழுத்துல கொடுக்க வேண்டாம். புகார்னு வந்தா அப்போ பார்த்துக்கலாம்" என்றார். கெட்டவர் இல்லை. பல மையங்களைப் பார்த்துக்கொள்கிறவர், தீ பரவக் கூடாது என்று நினைக்கிறார். ஆனால் தீயே இல்லை என்று சொல்லி அணைக்கச் சொல்கிறார். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பவானியின் கைபேசி அணைத்தே கிடந்தது. நான் பழவேற்காட்டுப் பேருந்தில் ஏறினேன்.

ரவி வழி சொல்லியிருந்தான். ஏரியிலிருந்து திரும்பியிருந்த நேரம். குடியிருப்பின் முன்னால் குழாயடியில் உட்கார்ந்து பவானி பறியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அன்றுதான் அவள் முகத்தை முதலில் பார்த்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும். விரல் நுனிகள் நீரில் ஊறி வெளுத்து, சிப்பி கிழித்த கோடுகள் நிறைய. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் என்னைக் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டாள். எழுந்து நின்றாள். முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை, கோபமும் இல்லை.

"வாங்க மேடம். யாருக்காக வந்தீங்க?"

"எனக்குப் புரியலம்மா."

"அந்த சாருக்காக வந்தீங்களா, ஆபீசுக்காக வந்தீங்களா, எனக்காக வந்தீங்களான்னு கேட்டேன்."

உண்மையில் மூன்றுக்காகவும்தான் போயிருந்தேன். தசரதனின் அழுகையும், அலுவலகத்தின் பயமும் என் பையோடு கூடவே வந்திருந்தன. நான் சமாளிக்கப் பார்க்கவில்லை. "மூணுந்தான்மா" என்றேன். அவள் கொஞ்சம் இளகினாற்போல இருந்தது. உட்காரச் சொன்னாள்.

"படத்தை அவர் உடனே அழிச்சுட்டாரும்மா" என்றேன்.

"ரவி சொன்னாப்ல. அழிச்சது அவருக்கு நல்லது மேடம், எனக்கு இன்னா? கைதட்டினவங்க எல்லாம் இன்னும் அப்படித்தான நெனச்சினு இருக்காங்க. படம்தான் இல்ல. சொன்ன பேச்சு அங்கயேதான் இருக்குது."

"அவரு நேர்ல வந்து மன்னிப்புக் கேக்கணும்னு துடிக்கிறாரு."

"வர வேணாம்னு சொல்லுங்க. வந்தாருன்னா தெருவே கூடும். எங்க நைனா நாற்காலி தேடி ஓடுவாரு. டீ வாங்கியாரச் சொல்வாரு. தப்பு பண்ணவருக்கு நாங்க உபசாரம் பண்ணி, பரவால்ல சார்னு சொல்லி அனுப்பணும். அவரு நிம்மதியா வூட்டுக்குப் போயிடுவாரு."

"அப்ப குரூப்லயே எல்லார் முன்னாடியும் கேக்கச் சொல்றேன்."

அவள் தலையை அசைத்தாள். "யார்கிட்ட மன்னிப்புன்னு கேப்பாங்க. பவானின்னா, எந்தப் பவானி, எந்த ஊரு, இன்னா ஆளுங்கன்னு கேப்பாங்க. இத்தினி நாளா ரவியைத் தவிர யாருக்கும் தெரியாது மேடம். நான் எழுதினதைப் பாத்து பதில் எழுதினாங்க. ஸ்கூல்ல நான் கடைசி பெஞ்சு. டீச்சரு என் நோட்டைத் தொட்டுத் திருத்த மாட்டாங்க. இங்க என் கேள்விக்கு மூணு நாள் பேசினாங்க. அது எனக்கு எவ்ளோ பெருசுன்னு உங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். அவள் அம்மா குடிசைக்குள்ளிருந்து வெளியே வந்தார். நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"வுட்டுடுடீன்னு சொல்றேன் மேடம், கேக்க மாட்டேன்றா. போட்டோ எடுத்தா எடுத்துனு போறாங்க. வருசா வருசம் பறவை பாக்க வர்றவங்க நம்மளையுந்தான எடுத்துனு போறாங்க. நாம இன்னா பண்ணிட்டோம்?"

பவானி அம்மாவைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். "அவங்க என்கூடப் படிக்கலம்மா."

மன்னிப்புக் கேட்கச் சொன்னால் அவளை அம்பலப்படுத்த வேண்டும். கேட்காமல் விட்டால் அந்தச் சொற்கள் அப்படியே நிற்கும். திரும்பி வந்துவிடு என்று அவளிடம் கெஞ்சுவதும் அவள் தலையில் இன்னொரு சுமையை வைப்பதுதான். தம்பி தங்கைகளே, இப்படிப்பட்ட நேரத்தில் நல்ல வார்த்தை ஒன்றைச் சொல்லி எழுந்துவிடத்தான் மனம் பரபரக்கும். நான் உட்கார்ந்தே இருந்தேன். அந்தப் படம் யாரைக் காயப்படுத்தியது என்பதைச் சற்று ஒதுக்கி வைத்து, அந்த வாசகம் சரியா தவறா என்று மட்டும் யோசித்தேன். படத்தில் பவானி இல்லாமல் வேறு யாரோ இருந்திருந்தாலும் அது தவறான வரலாறுதான். வரலாறு படிக்கிற ஒரு வகுப்பு அதற்குக் கைதட்டியிருக்கிறது. அதைத் திருத்துவது என் வேலை. அதற்கு அவளுடைய அனுமதியும் வேண்டாம், பெயரும் வேண்டாம்.

அதைத்தான் அவளிடம் சொன்னேன். "வர்ற ஞாயித்துக்கிழமை அந்தப் பாடத்தை மறுபடி எடுக்கச் சொல்றேன். உங்க பேரு எங்கயும் வராது. லிங்க் மட்டும் அனுப்பறேன். வர்றதும் வராததும் உங்க இஷ்டம். நீங்க வரலன்னாலும் பாடம் நடக்கும். பரீட்சைக்கு வேண்டியதெல்லாம் தனியா உங்களுக்கு வந்துடும்."

அவள் பறியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். பேருந்து வரை அவள் அம்மா மட்டும் கூட வந்தார்.

பாட ஆசிரியரைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. "புத்தகத்துலயே அப்படி ஒப்பிட்டுத்தானே எழுதியிருக்கு, நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" என்று வருத்தப்பட்டார். யார் படம் என்று நான் அவரிடமும் சொல்லவில்லை. "உங்க மேல குத்தம் சொல்லல சார். அந்த ஒப்பீடு எதுவரைக்கும் செல்லும்னு மட்டும் பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க" என்று இரண்டு நாள் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். தசரதனிடம், "நீங்க பேசறதா இருந்தா நீங்க பண்ணினதை மட்டும் பேசுங்க. அவங்களைப் பத்திப் பேசாதீங்க" என்றேன். மேலதிகாரியிடம், குழுவை மூடவில்லை, கூடுதலாக ஒரு வகுப்பு வைக்கிறேன் என்று தெரிவித்தேன். "ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு" என்றார். ஆமாம் என்றேன். அந்த நாற்காலி அதற்காகத்தானே.

ஞாயிறு வந்தது. ஆசிரியர் நன்றாகவே பேசினார். புதைந்து கிடைத்த கல்லாயுதத்தையும் எலும்பையும் வைத்து அந்தக் காலத்தை ஊகிக்கிறோம். இன்று உயிரோடு இருப்பவர் இன்றைய மனிதர், அவர் யாருடைய மிச்சமும் இல்லை என்றார். பிறகு தசரதன் கேமராவைப் போட்டார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் ஒரு படம் போட்டேன், எல்லாரும் பாத்தீங்க. அப்புறம் சொல்லாம கொள்ளாம அழிச்சேன். போட்டதும் தப்பு, அழிச்சதும் தப்பு. பாலத்து மேல நின்னுனு எடுத்தேன். எறங்கிப் போய் யாரு எவருன்னு கேக்கல. கேட்டிருந்தா அந்த மாதிரி எழுத எனக்குக் கை வந்திருக்காது. அவங்களை நான் மனுசங்களா பாக்கல, பாடமா பாத்துட்டேன்."

அவர் முடித்ததும் ஒரு மாணவர், பெயர் வேண்டாம், ஒலியைத் திறந்தார். "இதுக்கு எதுக்கு சார் இவ்ளோ பேஜார்? இன்னா இல்லாததையா சொல்லிட்டீங்க? நெசமாவே அவங்க அப்படித்தான இருக்காங்க. கையால தடவினு, ஓலைப் பையைக் கடிச்சினு. பாத்ததைச் சொன்னீங்க."

ஆசிரியர் தொண்டையைச் செருமினார். நான் பேச வாயெடுத்தபோது, திரையின் ஓரத்தில் பவானி என்ற பெயர் பேச அனுமதி கேட்டு நின்றது. எவ்வளவு நேரமாக வகுப்பில் இருந்தாளோ தெரியாது. அனுமதித்தேன்.

தாமரைப் படம்தான். கேமரா இல்லை. ஆனால் ஒலி திறந்தது. காற்றுச் சத்தமும் காக்கைகளின் சத்தமும் கேட்டன. பிறகு அந்தக் குழு அதுவரை கேட்டிராத குரல்.

"வணக்கம். நான் பவானி. அந்தப் படத்துல நடுவுல இருக்கறது நான்தான். பக்கத்துல எங்கம்மா."

அவள் தொடர்ந்தாள். அவசரமே இல்லை.

"இப்ப பேசின அண்ணனுக்கு ஒரு கேள்வி. நான் எப்பவும் எழுதிக் கேப்பேன், இன்னிக்கு வாயால கேக்கறேன். நாத்து நடறது எத்தினி ஆயிரம் வருசமா நடக்குது? இன்னிக்கும் குனிஞ்சி கையாலதான நடறாங்க? அவங்களைப் பாத்து யாராச்சும் கற்காலத்து ஆளுன்னு படம் எடுத்துப் போடறாங்களா? போட மாட்டாங்க. ஏன்னா அவங்களுக்கு நடுவுல நடந்தது எல்லாம் வரலாறுன்னு ஒத்துக்கறோம். ராஜா வந்தான், வரி போட்டான், கோயில் கட்டினான்னு படிக்கிறோம். எங்களுக்கு நடுவுல ஒண்ணுமே நடக்கலியா? நாங்க பிடிச்ச இறாலு ஐஸ் பெட்டியில ஏறி வெளிநாட்டுக்குப் போவுது. தண்ணி குறைஞ்சா எங்க பொழப்பு போவுது. வலைக்காரங்களோட சண்டை வருது, பேச்சு வார்த்தை நடக்குது. இது வரலாறு இல்லியா? மாறாத மனுசங்கன்னா, இந்த வகுப்புல நான் எப்படி உக்காந்திருக்கேன்?"

அவள் சற்றுப் பொறுத்துவிட்டு, "அவ்ளோதான். அடுத்த பாடம் எடுங்க சார்" என்றாள்.

ஆசிரியர் பாடம் எடுத்தார்.

அந்த வாரம் இரண்டு பேர் குழுவை விட்டுப் போனார்கள். எதிர்த்துப் பேசியவர் அதில் ஒருவர். போனதற்கு வருத்தப்பட்டேன், தடுக்கவில்லை. பவானியை நான் திரும்பச் சேர்த்தபோது ரவி, 'அக்கா, பெருங்கற்காலம் நோட்ஸ் இருக்கா? நான் கடல்ல இருந்தேன்' என்று எழுதினான். வேறு யாரும் எதையும் கேட்கவில்லை. அவள் குறிப்புகளை அனுப்பினாள். மறுநாள் வழக்கம்போல ஒரு கேள்வி வந்தது. அதற்கான பதில்கள் முன்பைவிடக் கவனமாக எழுதப்பட்டிருந்தன. அந்தக் கவனம் மரியாதையா, தயக்கமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவள் பயந்ததும் ஓரளவு நடந்தது. சிலர் அவளுக்கு நேரடியாகப் பதில் எழுதுவதை நிறுத்திக்கொண்டார்கள். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொன்னால் அது அவளுக்குச் செய்கிற அநியாயம்.

தேர்வு பொன்னேரியில் நடந்தது. இரண்டு ஆண்டுகள் குரலாகவும் எழுத்தாகவும் மட்டும் இருந்தவர்கள் அன்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். தசரதன் பவானியைப் பார்த்ததும் எழுந்து நின்றார், கைகூப்பவில்லை, பக்கத்தில் போகவில்லை. அவள் ஒருமுறை தலையசைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். கடைசித் தேர்வு முடிந்து அவள் பேருந்துக்காக நின்றபோது, எதிர்ச்சாரியில் தன் வண்டியைப் பிடித்துக்கொண்டு அவரும் நின்றிருந்தார். பழவேற்காட்டு வண்டி வந்து அவள் ஏறிய பிறகுதான் அவர் வண்டியைக் கிளப்பினார். கூட்டிப்போய் விடட்டுமா என்று அவர் கேட்கவில்லை. அந்த அளவுக்கு அவர் கற்றுக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன்.

பேருந்து வருவதற்கு முன் நான் பவானியிடம் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் தெரிந்துகொள்ள ஆசை.

"அவரை மன்னிச்சிட்டீங்களாம்மா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை.

"நான் படிக்க வந்தேன் மேடம்" என்றாள். "மன்னிக்கறதுக்கு வரல."